ஆசிய இறகுப்பந்துப் போட்டிகள்: மூத்தோரும் இளையோரும்

விளையாட்டின் வரலாறு என்பது வென்றவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் அன்று. களம் எவர்க்குத் திறந்தது, எப்போது திறந்தது, எத்தனை காலம் திறந்தபடி இருந்தது என்பனவற்றையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு என்னும் பெயருக்குத் தகுதி உடையதாகும். ஆசியக் கண்டத்தின் இறகுப்பந்துப் போட்டிகள் 1962ஆம் ஆண்டில் தொடங்கின. அவற்றின் வளர்ச்சியை இந்நோக்கோடு காணின், நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று அதில் பொதிந்திருப்பது புலனாகும். இளையோர்க்கெனப் படிக்கட்டு அமைத்த போதெல்லாம் மூத்தோர் வரிசையில் வீரர்கள் தோன்றினர். அப்படிக்கட்டு இல்லாத காலங்களில் இயற்கையான திறன் உடையவர்களும் கீழேயே நின்றுவிட்டனர்.

ஆட்டம் பிறந்த மண்

நம் ஊர்களில் ஐவர் ஓர் அணியாக நின்று கம்பளிப் பந்தை மட்டையால் அடித்து ஆடும் பூப்பந்து வேறு. பதினாறு இறகுகள் செருகிய பந்தைக் கொண்டு ஒருவரோ இருவரோ ஆடும் இறகுப்பந்து வேறு. நாம் இங்குக் கூற வருவது பின்னதைப் பற்றியே. நாற்பத்து நான்கு அடி நீளம், இருபது அடி அகலம், நடுவில் ஐந்து அடி உயரமுள்ள வலை — இவ்வளவுதான் இதன் களம். ஆயினும், சிறு காற்றடித்தாலும் இறகுப்பந்து திசைமாறும். ஆகவே கூரையிட்ட கூடமும், உயர்ந்த மேற்கூரையும், நல்ல விளக்கொளியும் இதற்குத் தேவையாயின. ஏழைகளுக்கும் இவ்வாட்டத்திற்கும் இடையே நின்ற சுவர் இதுவேயாகும்.

1870களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் பூனா நகரில் இவ்வாட்டத்திற்கு விதிகள் வகுத்தனர். அந்நகரின் பெயராலேயே இது வழங்கியதும் உண்டு. ஆயினும், இந்த மண்ணில் விதி பெற்ற ஆட்டம் இந்த மண்ணின் எளிய மக்களுடையதாக அப்போது ஆகிவிடவில்லை. படைவீடுகளிலும் கனவான்களின் மன்றங்களிலும் அது அடைபட்டுக் கிடந்தது. 1934ஆம் ஆண்டில் அனைத்துலக இறகுப்பந்துச் சம்மேளனம் நிறுவப்பெற்றபோது அதனைத் தோற்றுவித்த நாடுகள் ஒன்பது: இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், டென்மார்க், நெதர்லாந்து, பிரான்ஸ், கனடா, நியூசிலாந்து. அவற்றுள் ஆசிய நாடு ஒன்றேனும் இல்லை என்பது கருதத் தக்கது.

ஆசியா எழுந்தது

மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் இந்த ஆட்டம் மன்றங்களின் மதிலைத் தாண்டியது. திறந்த வெளியில் கோடு கீறி, வலை கட்டி, காற்றோய்ந்த நேரம் பார்த்து மக்கள் ஆடினர். அதன் பயன் விரைவில் தெரிந்தது. நாடுகளுக்கிடையே ஆண்கள் ஆடும் தாமஸ் கோப்பைப் போட்டி முதன்முதலாக 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் முடிவுற்றபோது, மலாயா டென்மார்க்கை 8–1 என்னும் கணக்கில் வென்றது. 1952, 1955 ஆகிய ஆண்டுகளிலும் மலாயாவே வென்றது. 1958இல் அக்கோப்பை இந்தோனேசியாவின் கைக்கு மாறியது. அன்று தொட்டு 2016இல் டென்மார்க் வெல்லும் வரையில் ஆசியாவுக்கு வெளியே அக்கோப்பை சென்றதே இல்லை.

இந்த எழுச்சியின் விளைவாக 1959ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கோலாலம்பூரில் ஆசிய இறகுப்பந்துக் கூட்டமைப்பு உருவாயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 1962இல், அதே நகரில் முதலாவது ஆசியப் போட்டி நடைபெற்றது. ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை மலாயாவின் டே கியூ சான் வென்றார். ஒன்பது நாடுகளின் பட்டியலில் இடம்பெறாத மக்கள் தமக்கெனத் தாமே களம் அமைத்துக்கொண்ட நிகழ்ச்சி அது. பின்னாளில் உலகச் சம்மேளனத்தின் தலைமையகமே இங்கிலாந்தை விட்டு 2005ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. காலம் எவ்வாறு புரண்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

லக்னோவின் இரட்டைப் பேறு

இரண்டாவது ஆசியப் போட்டி 1965இல் நம் நாட்டின் லக்னோ நகரில் நடைபெற்றது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1956இல், நந்து நாட்டேகர் மலாயாவின் சிலாங்கூரில் வாகை சூடி, அயல்நாட்டில் பட்டம் வென்ற முதல் இந்திய இறகுப்பந்து வீரர் என்னும் புகழ் பெற்றிருந்தார். ஆனால் லக்னோவில் வென்றவர் அவரல்லர். பஞ்சாபின் குருதாஸ்பூர் மாவட்டத்தில் பிறந்த, இருபத்திரண்டு வயது நிரம்பிய தினேஷ் கன்னா ஆவார். அப்போது அவர் தேசிய ஒற்றையர் பட்டமும் பெற்றிருக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் சங்கோப் ரத்தனுசோர்னை 15–3, 15–11 என்று நேர் ஆட்டங்களில் வீழ்த்தினார். அவ்வாண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

அதே 1965ஆம் ஆண்டில் ஆசிய இளையோர் ஒற்றையர் பட்டமும் இந்தியாவுக்கே கிடைத்தது. அதனை வென்றவர் கௌதம் தக்கர். மூத்தோர் பட்டமும் இளையோர் பட்டமும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டுக்கு வந்த அந்தப் பேற்றைக் கண்டவர்கள், இனி இந்தியாவின் காலம் என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் நிகழ்ந்தது வேறு. இளையோரில் அடுத்த பட்டம் வர நாற்பத்தேழு ஆண்டுகளும், மூத்தோரில் அடுத்த பட்டம் வர ஐம்பத்தெட்டு ஆண்டுகளும் ஆயின.

இடைவெளியும் இழப்பும்

இதற்குக் காரணங்கள் பல. சீனா ஆசியக் களத்தில் இறங்கியதும் போட்டி கடுமையாயிற்று. 1976இல் ஹைதராபாத்தில் நடந்த போட்டியில் ஆண்கள் ஒற்றையர் பட்டம் சீனாவின் ஹௌ ஜியாசாங்குக்குச் சென்றது. இந்தோனேசியாவும் மலேசியாவும் தம் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. 1971இல் ஜகார்த்தாவில் தீபு கோஷும் ராமன் கோஷும் ஆண்கள் இரட்டையரில் பெற்ற வெண்கலம் நீண்ட காலம் அப்பிரிவில் நம் நாட்டின் தலையாய பேறாக இருந்தது.

எனினும் மற்றொரு காரணத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். தொடக்க காலத்தில் போட்டிகள் நடந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 1962, 1965, 1969, 1971, 1976, 1983, 1985. இடைவெளி மூன்றாண்டாகவும், நான்காண்டாகவும், ஏழாண்டாகவும் நீண்டது. 1976இல் பதினெட்டு வயதில் ஒரு சுற்றில் தோற்ற இளைஞன், மறுமுறை அக்களத்தில் நிற்க இருபத்தைந்து வயது வரை காத்திருக்க நேர்ந்தது. தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள அடுத்த ஆட்டம் வேண்டும். அடுத்த ஆட்டம் இல்லாத இடத்தில் தோல்வி பாடமாவதில்லை, முடிவாகிவிடுகிறது. வசதி உள்ளவன் அயல்நாடு சென்று ஆடி அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்வான். வசதி இல்லாதவன் மட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு வேலை தேடிப் போவான்.

இவ்விடத்தில் கடல் கடந்த தமிழர் ஒருவரைக் குறிப்பிடாமல் செல்லுதல் முறையன்று. மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன் 1969இல் மணிலாவில் இங் பூன் பீயுடன் இணைந்து ஆசிய இரட்டையர் பட்டத்தையும், 1971இல் அனைத்து இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். 1970ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஒற்றையரிலும் தங்கம் பெற்றார். பின்னர் உலகச் சம்மேளனத்தின் துணைத் தலைவராக உயர்ந்தார். 2006ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 21 புள்ளி முறையை உருவாக்கியதில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு. களத்தில் ஆடியவரே அக்களத்தின் விதியை வகுக்கும் அவையிலும் அமர்ந்தார் என்பது சிந்திக்கத் தக்கது.

இளையோர்க்குத் தனிக்களம்

1991ஆம் ஆண்டு முதல் மூத்தோர் போட்டி பெரும்பாலும் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. 1997இல் மணிலாவில், பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர்க்கெனத் தனியாக ஆசிய இளையோர் போட்டி தொடங்கப்பெற்றது. இதன் பயனைச் சீனாவின் லின் டான் வாழ்க்கையில் காணலாம். அவர் 2000ஆம் ஆண்டில் கியோட்டோவில் இளையோர் பட்டம் வென்றார். 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். 2010இல் புது தில்லியில் மூத்தோர் ஆசியப் பட்டத்தையும் கைக்கொண்டார்.

நம் நாட்டின் பி.வி. சிந்து 2011இல் லக்னோவில் நடந்த இளையோர் போட்டியில் வெண்கலமே பெற்றார். ஆனால் அடுத்த ஆண்டே அவர்க்கு மீண்டும் களம் இருந்தது. 2012 ஜூலையில், பதினேழு வயது நிரம்பிய இரண்டாம் நாளில், தென்கொரியாவின் கிம்சியோன் நகரில் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவை 18–21, 21–17, 22–20 என்று வென்று பட்டம் சூடினார். முதல் ஆட்டத்தை இழந்தபின் பெற்ற வெற்றி அது. பின்னர் 2016இல் ஒலிம்பிக் வெள்ளியும், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் அவரை அடைந்தன. 2018இல் ஜகார்த்தாவில் உத்தராகண்டின் அல்மோராவைச் சேர்ந்த லக்ஷ்ய சென், தாய்லாந்தின் குன்லாவுத் விதித்சார்னை 21–19, 21–18 என்று வென்றார். ஆடவர் இளையோரில் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குக் கிட்டிய பட்டம் இது. அன்று தோற்ற குன்லாவுத் சோர்ந்துவிடவில்லை. 2023இல் உலகப் பட்டமே வென்றார்.

பெருந்தொற்றின் காரணமாக 2019க்குப் பின் 2023 வரை இளையோர் போட்டி நடைபெறவில்லை. வயது வரம்பு எவர்க்காகவும் காத்திராது. அந்நான்கு ஆண்டுகளில் பத்தொன்பதைக் கடந்தவர்களுக்கு இழந்த வாய்ப்பு மீளவே இல்லை.

ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்

2023 ஏப்ரல் 30 அன்று துபாயில் ஆந்திரத்தின் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டியும் மும்பையின் சிராக் ஷெட்டியும் மலேசிய இணையரை 16–21, 21–17, 21–19 என்று வீழ்த்தி ஆண்கள் இரட்டையர் பட்டம் வென்றனர். 1965இல் தினேஷ் கன்னா ஏற்றிய விளக்கு அன்றுதான் மீண்டும் ஒளிபெற்றது.

அடுத்த ஆண்டு, 2024 பிப்ரவரியில், மலேசியாவின் ஷா ஆலம் நகரில் ஆசிய அணிப் போட்டி நடந்தது. மகளிர் இறுதியில் இந்தியாவும் தாய்லாந்தும் மோதின. முதல் ஆட்டத்தைச் சிந்து வென்று கொடுத்தார். நான்கு ஆட்டங்கள் முடிவில் இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலை. முடிவை நிர்ணயிக்கும் ஐந்தாம் ஆட்டத்திற்கு நின்றவர் பதினேழே வயதான அன்மோல் கர்ப். உலகத் தரவரிசையில் நானூற்றுக்கும் கீழே இருந்த அச்சிறுமி 21–14, 21–9 என்று வென்று, அப்போட்டியில் இந்தியாவுக்கு முதல் பட்டத்தை ஈட்டித் தந்தார். தொடங்கியது மூத்தவர், முடித்தது இளையவர். இப்போட்டிகளின் வரலாறு முழுவதும் அந்த ஒரு நாளில் அடங்கிவிட்டது எனலாம்.

நாம் செய்யத் தக்கது

இளைஞர்களே! மேற்கூறிய வீரர்களின் திறமை பெரிது; ஐயமில்லை. ஆனால் அத்திறமையை எவரேனும் ஒருவர் பத்து வயதிலேயே கண்டார். ஒரு கூடத்தின் கதவு அவர்க்குத் திறந்தது. தோற்ற மறு ஆண்டும் அது திறந்தே இருந்தது. நம் தெருப் பிள்ளைகளிடம் கைவிரைவும் கால்விரைவும் இல்லாமலா போயின? கதவு திறவாமையே குறை.

ஆகவே, செய்ய வேண்டியவை சிலவற்றை மனத்திற்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரின் அரசு விளையாட்டரங்கம் பொதுப் பணத்தால் கட்டப்பெற்றது. அது சலுகை அன்று, உரிமை. அங்குச் சென்று பெயரைப் பதிவு செய்யுங்கள். இளையோர் போட்டிகள் அனைத்தும் வயதைக் கொண்டே வகுக்கப்பெறுகின்றன. எனவே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பெற்றோர் பத்திரமாக வைத்தல் வேண்டும். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்பனவே ஆசியக் களத்திற்கு ஏறும் படிகள். முதற்படியில் கால் வைக்காதவர்க்கு இறுதிப்படி இல்லை. இறகாலான பந்தின் விலை மிகுதி. ஆனால் கற்கும் பருவத்திற்கு நைலான் பந்து போதும். ஒரு மட்டையை நால்வர் பகிர்ந்தும் ஆடலாம். தெருவில் சமமான இடம் ஒன்றைத் தேர்ந்து, கோடு கீறி, விளக்கிட்டுத் தருவது பெரியோர் கடமை. பெண் பிள்ளைகளுக்கும் அதில் சம பங்கு இருத்தல் வேண்டும் என்பதற்குச் சிந்துவும் அன்மோலுமே சான்று.

ஒன்பது நாடுகளின் பட்டியலில் பெயர் இல்லாதிருந்த ஆசியா, தன் களத்தைத் தானே அமைத்துக்கொண்டு உலகை வென்றது. பெயர் விடுபட்டவர்கள் எவராயினும் பின்பற்றத் தக்க வழி அதுவேயாகும்.