பெய்லி – மன்றோ போர்க்களக் கடிதங்கள் (1780)

இரண்டாம் மைசூர்ப் போரில், காஞ்சிபுரத்தில் பாசறை இட்டிருந்த ஆங்கிலேயப் படைத் தளபதி ஹெக்டர் மன்றோவுக்கும் குண்டூரிலிருந்து படையுடன் வந்த கர்னல் வில்லியம் பெய்லிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து. கொசஸ்தலையாற்று வெள்ளம் பெய்லியைப் பல நாள் நிறுத்தியது. செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கம் அருகே மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் மகன் திப்பு அவரைத் தாக்கினார். தம்மால் வந்து சேர முடியாது, தாங்களே வரவேண்டும் என்று பெய்லி எழுதினார். மன்றோ வரவில்லை, ஏனெனில் அவரது உணவுக் கிடங்கும் கனரகப் பீரங்கிகளும் காஞ்சியில் இருந்தன. கர்னல் பிளெச்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார். கடிதம் கேட்டது முழுப்படை. கிடைத்தது அதில் ஒரு துண்டு. செப்டம்பர் 10-இல் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் பெய்லியின் படையை அழித்தனர். பிளெச்சர் மாண்டார், சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோ பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.