சோழவரத்து ஓடுதளமும் போடிமெட்டு இறக்கமும்

மூணாறிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது பள்ளிவாசல். சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் திவானாக இருந்த 1940-ல், இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் இங்கேதான் இயங்கத் தொடங்கியது. மேலிருந்து குழாய் வழியே பாய்ந்து விழும் ஆற்று நீரின் வேகம் மின்சாரமானது. அதே மலையில் இறங்கும் வண்டிக்கு அந்த வசதி இல்லை. டிரைவர் பிரேக்கை மிதித்ததும் வேகம் அத்தனையும் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்பதுதான் பிரேக்கின் வரலாறு முழுவதும்.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்கும்போது, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்கு வெப்பம் உண்டாகும். அதே கார், வேகமே எடுக்காமல், ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து ஊர்ந்து இறங்கினால் அதைப் போல 25 மடங்கு. மலையின் மறுபக்கத்தில் போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஏறக்குறைய அந்த அளவு இறக்கம்தான். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வதன் பொருள் இது. சூட்டில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளட்டும், எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் கட்டாதே என்கிறார்கள்.

மோட்டார் வருவதற்கு முன்பு இந்த மலைத் தேயிலை இறக்கத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது இரண்டடி அகல இரயில் பாதையானது. டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த இரயிலை அடித்துக்கொண்டு போனது. அதன்பின் பாரம் சாலைக்கு வந்தது, சாலையோடு பிரேக் கவலையும் வந்தது.

அந்தக் காலத்து வண்டிகளில் இருந்தது டிரம் பிரேக். மூடிய டிரம்முக்குள் லைனிங் ஒட்டிய ஷூ உரசும். தொடர்ந்து மிதித்தால் உள்ளே சிக்கிய சூடு வெளியேறாது. டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடி தளரும், பெடல் ஆழமாகப் போகும். மலையில் லாரிக்கு நேர்ந்த இதே கதி பந்தயத்தடத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கும் நேர்ந்தது.

மாற்று யோசனை, காற்றில் திறந்து சுழலும் தட்டை இருபுறமும் பேடால் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், பழையது. பிரிட்டனில் பிரடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் மதிப்பு உலகுக்குப் புரிய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-ல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார்கள் இறங்கின. அங்கே கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் நேர்சாலை ஒரு கூர்மையான வளைவில் முடியும். டிரம் வைத்திருந்தவர்கள் பிரேக்கைக் காப்பாற்ற முன்கூட்டியே வேகம் குறைக்க, ஜாகுவார்காரர்கள் வளைவு நெருங்கும்வரை விரட்டினார்கள். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் வென்றார்கள். மணிக்கு நூறு மைல் சராசரியை லெ மான் முதன்முதலாகத் தாண்டியது அந்த ஆண்டில்தான். எஞ்சினைப் பெரிதாக்காமல் பிரேக்கை மாற்றியே ஒரு காரை வேகமாக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதே 1953-ல்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரம் அன்று அதன் பந்தயக்களம். ஓடுதளம் என்றால் நீண்ட நேர்க்கோடு, முடிவில் சட்டென்று திருப்பம். பிரேக்குக்கு இதைவிடக் கொடிய தேர்வு வேறு கிடையாது. அங்கே ஓடியவற்றில் பலவும் ஃபியட், ஹெரால்டு போன்ற, இந்தியாவில் தயாரான கார்கள். பிரிட்டனில் ஹெரால்டின் பிந்தைய வகைகளுக்கு முன்சக்கர டிஸ்க் கிடைத்துவிட்டது. வண்டலூர்ப் பக்கம் தயாரான ஹெரால்டு டிரம்மோடுதான் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். கடினமான லைனிங் ஒட்டுவது, டிரம்மின் பின்தகட்டில் காற்றோட்டத்துக்குத் துளையிடுவது என்று டிரம் காலப் பந்தயக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் கொஞ்சம்தான்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டின் பிரேக் தொழிலே அதே சென்னையில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் கர்லிங்கும் கூட்டுசேர்ந்து 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. லைனிங் தயாரிக்க ரானே, சுந்தரம் நிறுவனங்களும் வந்தன. வாங்க ஆளிருந்தது பஸ்ஸுக்கும் லாரிக்கும். பந்தயக்காரனுக்காகத் தனி அச்சு வார்க்க எந்தத் தொழிற்சாலைக்கும் கட்டுப்படியாகாது.

கோவைக்காரர் எஸ். கரிவரதன் வேறு பக்கமிருந்து வந்தார். 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஓடிய, எடை குறைந்த ஒற்றை இருக்கைக் கார். எடை பாதியானால் பிரேக்கில் பிறக்கும் சூடும் பாதி. பிரேக்கைத் தொடாமலே பிரேக்கை மேம்படுத்தும் வழி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். நாராயண் கார்த்திகேயன் முதலில் பழகியது இந்த வகைக் காரில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது கையாண்டது, நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கவே செய்யும் கார்பன் டிஸ்க். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத்தடம் அவர் பெயரில் இருக்கிறது.

இன்று ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் கேட்பது பெரும்பாலும் பெரிய டிஸ்க், அதைக் கவ்வும் சிவப்பு காலிப்பர். சக்கரத்தின் இடுக்கில் பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு முறை மிதித்து நிற்கும் தூரத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் டயரின் பிடிதான். பெரிய டிஸ்க்கின் பலன் பத்தாவது, இருபதாவது மிதியில்தான் தெரியும். முன்பிரேக்கை மட்டும் பலமாக்கினால் பின்பிரேக் சும்மா கிடக்கும், சமநிலையும் கெடும். பந்தய பேட் போட்டுக்கொண்டு காலையில் ஆபீஸுக்குப் போனால், குளிர்ந்த பேட் முதல் சிக்னலில் சரியாகப் பிடிக்காது.

பிரேக் ஆயிலை யாரும் கவனிப்பதில்லை. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 என்பது விதி. இரண்டுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கி, குழாயில் ஆவி கட்டிக்கொண்டால் பெடல் தரையைத் தொடும். காலிப்பர் எத்தனை பெரிதாயிருந்தாலும் அப்போது உதவாது. அதனால் விவரமறிந்த மெக்கானிக் முதலில் பழைய ஆயிலை வடித்துப் புதிதை ஊற்றுவார், பிறகு பேட், அதன்பின் எஃகு பின்னிய ஹோஸ். டிஸ்க்கும் காலிப்பரும் அவருடைய பட்டியலில் கடைசியில்தான் வரும்.