பெயருக்குள் மறைந்த சங்கம்

தென்னகத்தின் எந்த ஊரில் ஒருவர்க்குப் புற்றுநோய் என்று மருத்துவர் ஐயுற்றாலும், அந்த வீட்டில் அடுத்து ஒலிக்கும் சொல் ‘அடையாறு’ என்பதே. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும், நாகூரிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் இரவு வண்டியேறிச் சென்னை வந்து, அந்த மருத்துவமனை வாயிலில் கவலையோடு காத்திருந்தோர் நம் குடும்பங்களில் பலர். நலம் பெற்றுத் திரும்பியோரும் உளர். இறுதி நாள்களை வலி குறைந்து கழித்தோரும் உளர். அந்த மருத்துவமனையின் முழுப் பெயரை நின்று படித்தோர் மட்டும் மிகச் சிலரே. ‘புற்றுநோய் நிலையம்’ என்னும் பெயரை அடுத்து, அடைப்புக் குறிக்குள் ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்று மூன்று எழுத்துகள் நிற்கும். அவை ஒரு மருத்துவப் பட்டத்தையோ, பெருஞ்செல்வர் ஒருவரின் பெயரையோ குறிப்பன அல்ல. அவை ஒரு பெண்கள் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். அதனைத் தமிழில் இந்திய மாதர் சங்கம் என்பர்.

மாதர் சங்கம் என்றால் தையற்பொறி வழங்குவதும், ஆண்டு விழாவில் மாலை சூட்டுவதுமே என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அத்தகைய சங்கம் ஒன்று வாக்குரிமை கேட்டதும், திக்கற்ற சிறுமியர்க்கு ஆதரவானதும், ஒரு மருத்துவமனையையே எழுப்பியதும் எவ்வாறு? அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

அடையாற்றில் ஒரு தொடக்கம்

1917ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. முதல் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார். சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றவர்கள் இருவர். ஒருவர், அயர்லாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்று, 1915இல் இந்தியா வந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார். மற்றவர், இலங்கையைச் சேர்ந்த ஜினராஜதாசரை மணந்த ஆங்கிலப் பெண்மணி டாரதி ஜினராஜதாசா அம்மையார். அயல்நாட்டில் பிறந்தோர் முன்னின்று தொடங்கினும், தமிழகத்துப் பெண்கள் தோள் கொடுத்ததனாலேயே சங்கம் ஊர்தோறும் கிளை பரப்பிற்று.

கிளைகளின் அன்றாடப் பணி எளியது. வீட்டு வேலை முடிந்த பிற்பகல் நேரத்தில் பெண்கள் ஓரிடத்தில் கூடுவர். எழுத்தறியாதவர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பர். தையலும், முதலுதவியும், குழந்தை வளர்ப்பும், நோய் அணுகாமல் காக்கும் முறைகளும் கற்பிப்பர். 1918 முதல் ‘ஸ்திரீ தர்மா’ என்னும் இதழையும் சங்கம் நடத்தியது. எட்டாத ஊர்களில் இருந்த உறுப்பினர்களை ஒன்றாகக் கட்டிய கயிறு அவ்விதழே. குழந்தை மணமும், ஓயாத பிள்ளைப்பேறும், பேறுகாலச் சாவும் பெண்களின் வாழ்வை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. ‘பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?’ என்ற கேள்வி எல்லாச் சமுதாயத்தார் இல்லங்களிலும் கேட்ட காலம். அக்காலத்தில் பிற்பகல் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வெளியே கூடி அமர்வதே பெண்களுக்கு ஒரு விடுதலை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கேட்க எண்ணியது ஒன்று, கேட்டது ஒன்று

அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், இந்தியருக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு அறிவித்தார். மக்களின் கோரிக்கைகளைக் கேட்க அவரே இந்தியாவுக்கு வருவதாயிற்று. சங்கத்தார் அவரைச் சந்திக்க விரும்பினர். அவர்கள் முதலில் கேட்க எண்ணியது வாக்குரிமையன்று. பெண்குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும் என்பதையே. அரசியல் தொடர்பான கோரிக்கைகளை மட்டுமே அமைச்சர் கேட்பார் என்று விடை வந்தது. அப்படியாயின் அரசியலையே கேட்போம் என்று துணிந்தார் கசின்ஸ் அம்மையார். ஆண்களுக்கு எந்த அடிப்படையில் வாக்குரிமை அளிக்கப்படுகிறதோ, அதே அடிப்படையில் பெண்களுக்கும் அளிக்கப்பட வேண்டும் என்ற விண்ணப்பம் எழுந்தது.

1917 டிசம்பர் 18ஆம் நாள் சென்னையில், சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் பெண்கள் தூதுக்குழு மாண்டேகுவைச் சந்தித்தது. விடுதலைப் போராட்ட வீரர் மௌலானா ஹஸ்ரத் மோஹானியின் துணைவியார் நிஷாதுன்னிஸா பேகமும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார் என்பது நம் வாசகர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. கணவர் சிறையில் வாடிய நாள்களில் துணிவோடு பொதுப்பணியில் நின்றவர் அவர்.

இந்நிகழ்ச்சி நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றது. தொண்டு வேறு, உரிமை வேறு என்று பிரித்துப் பேசுவது எளிது. பள்ளிக்கூடம் கேட்கப் போனவர்களிடம், பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதற்கே வாக்கு வேண்டும் என்ற நிலை இருந்தது. தொண்டு செய்ய முனைந்த கைகளே உரிமையின் கதவையும் தட்ட வேண்டியதாயிற்று.

1919ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களின் வாக்குரிமையை மாகாணச் சட்டமன்றங்களின் முடிவுக்கு விட்டது. 1921இல் சென்னை மாகாணம் அதனை வழங்கிற்று. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் சென்னையே முதலாவது. ஆயினும் வாக்களிக்கலாம், உறுப்பினராக அமர முடியாது. அந்தத் தடை நீங்க 1926 வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டமன்றத்தில் ஒரு மருத்துவர்

தடை நீங்கியதும் அவைக்குச் செல்லத் தக்கவர் யார்? சங்கத்தார் வற்புறுத்தி முன்னிறுத்தியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணையே வழி திறந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார். 1927இல் சட்டமன்றத்திற்கு நியமனம் பெற்று, அவையின் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நல்ல வருவாய் தந்த மருத்துவத் தொழிலை விட்டு அவைக்குச் செல்ல அவர் முதலில் தயங்கினார். சென்ற பின்னரோ ஒரு நாளையும் வீணாக்கவில்லை. கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தார். சிறார் மணத்தைத் தடுக்கவும், பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவ வசதியைப் பெருக்கவும் வாதாடினார். முஸ்லிம் மாணவியர்க்குத் தனி விடுதி அமையவும், தாழ்த்தப்பட்ட சமுதாய மாணவியர்க்கு உதவித்தொகை கிடைக்கவும் பாடுபட்டார். தம் சமுதாயத்துப் பெண்ணுக்கு மட்டுமன்றி, எந்தச் சமுதாயத்துப் பெண் படிக்க வந்தாலும் அவள் தங்க ஓரிடம் வேண்டும் என்று எண்ணிய நெஞ்சம் அது. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது, அதனைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்து வெளியேறினார்.

கதவைத் தட்டிய மூவர்

பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியர் மூவர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு விடுதிகளை நாடியபோது, அவர்களின் பிறப்பைக் காட்டி மறுப்பே விடையாக வந்தது. அம்மையார் தம் இல்லத்தையே அவர்களுக்குத் தங்குமிடமாக்கினார். இவ்வாறு மூன்று சிறுமியரோடு எழுந்ததே ஔவை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்று, பள்ளியும் விடுதியுமாக வளர்ந்து, எண்ணற்ற பெண்குழந்தைகளுக்கு எழுத்தும் தொழிலும் தந்தது.

சட்டத்தின் வேகம் வேறு, பசியின் வேகம் வேறு. பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947இல்தான். கதவைத் தட்டிய சிறுமியர் அதுவரை தெருவில் நின்றிருக்க முடியுமா? சட்டம் வரும்வரை ஒருவர் சோறும் பாயும் தந்தாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்புவதே தொண்டு.

ஒரு சாவும் ஒரு மருத்துவமனையும்

முத்துலட்சுமி அம்மையாரின் தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க முடியவில்லையே என்ற துயரம் அம்மையாரை விட்டு அகலவேயில்லை. 1925இல் இலண்டன் சென்று பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றபோது, புற்றுநோய் மருத்துவத்தையும் கூர்ந்து கற்றார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை வெளியிட்டார்.

புற்றுநோய் என்றாலே மரணம். அதற்கு ஏன் தனி மருத்துவமனை? பொதுவாக நிலவிய எண்ணம் இதுவே. ஆண்டுகள் உருண்டன. 1949இல் மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கிற்று. எழுத்தும் தையலும் கற்பித்த சங்கம், பொதுமக்களிடம் மருத்துவமனைக்கு நிதி திரட்டப் புறப்பட்டது. 1952இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை பணி தொடங்கியது.

அன்று இருந்தவை ஒரு சிறு கட்டடமும் 12 படுக்கைகளுமே. முதலில் பணி புரிந்த மருத்துவர்கள் இருவர். ஒருவர் முத்துலட்சுமி அம்மையாரின் மைந்தர் கிருஷ்ணமூர்த்தி. மற்றவர் இளம் மருத்துவர் சாந்தா. அரசுப் பணி வாய்ப்பை விலக்கி வந்த சாந்தா அம்மையார், தொடக்கத்தில் ஊதியமின்றியே பணி செய்தார். பின்னர் மாதம் 200 ரூபாயும், வளாகத்தில் தங்க ஓர் இடமும் அவருக்கு அளிக்கப்பட்டன. 1955இல் அவ்வளாகத்தில் குடிபுகுந்தவர், 2021 ஜனவரி 19ஆம் நாள் மறையும்வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டார். வட்டாரப் புற்றுநோய் மையம் என்ற அரசு ஏற்பு 1975இல் கிடைத்தது. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இன்று பல நூறு படுக்கைகளுடன் விளங்குகிறது. ஏழை நோயாளர்க்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் செய்யும் நெறியும் தொடர்கிறது.

ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போம். விருப்பத்தை அவையில் வெளியிட்டதற்கும் மருத்துவமனை திறந்ததற்கும் இடையே 19 ஆண்டுகள். சங்கம் தோன்றியதிலிருந்து கணக்கிட்டால் 37 ஆண்டுகள். ஒருவர் களைத்தபோது இன்னொருவர் சுமையை ஏற்றதனாலேயே இப்பணி நிறைவேறியது. தனி மனிதரின் ஈகை அவர் கண்மூடியதும் நின்றுவிடலாம். சங்கமாக நிற்பதன் பயன் தலைமுறை தாண்டியும் தொடரும். மார்கரெட் கசின்ஸ் அம்மையார், மருத்துவமனை திறந்த அதே 1954இல், நெடுநாள் நோயுற்றிருந்து மறைந்தார். முத்துலட்சுமி அம்மையார் 1968இல் மறைந்தார்.

குறையும் கூற வேண்டும்

வரலாறு எழுதுவோர் நிறையை மட்டும் கூறுதல் நேர்மையன்று. சங்கத்தின் தலைமை பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற, வசதி படைத்த குடும்பத்துப் பெண்களிடமே இருந்தது. 1921இல் வந்த வாக்குரிமை, சொத்தும் வரியும் உள்ளோர்க்கே உரியதாதலின், வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும் வீட்டில் பாய் முடைந்த பெண்ணுக்கும் அது எட்டவில்லை. தூதுக்குழுவில் ஒரு பேகம் இருந்தாரேயன்றி, கிளைகளில் முஸ்லிம் பெண்கள் திரளாகப் பங்கு கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. இக்குறைகளை எண்ணும்போதுதான் அடையாற்று மருத்துவமனையின் பெருமை நமக்கு முழுதும் விளங்குகிறது. வாக்குச்சாவடிக்கு வர இயலாதிருந்த பெண்ணின் பெயர்த்தியும் அந்த வாயிலுக்குள் நுழைய முடிந்தது. உரிமை எட்டாத இடத்தைத் தொண்டு எட்டிற்று.

நம் ஊர்ப் பெண்கள்

நம் ஊர்களிலும் பெண்களின் தொண்டு என்றும் இருந்து வந்துள்ளது. நள்ளிரவில் அழைத்தாலும் வந்து மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிடும் பெண்கள் இருக்கின்றனர். காசு வாங்காமல் தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்போர் இருக்கின்றனர். ஏழை வீட்டுக் குமர் காரியத்திற்கு வீடு வீடாகச் சென்று பொருள் சேர்ப்போர் இருக்கின்றனர். பேறுகால வீட்டுக்குக் கஞ்சி வடித்துக் கொண்டு செல்வோர் இருக்கின்றனர். இவர்களுக்குச் சங்கம் இல்லை, பதிவேடு இல்லை, ஆண்டு மலர் இல்லை. அவர்கள் மறைந்தால் அவர்களின் பணியும் மறைகிறது. அதனைத் தொடர்வார் யார் என்று எவரும் கேட்பதில்லை.

மாதர் சங்கத்தின் வரலாறு நமக்கு உணர்த்தும் செய்தி இதுவே. செய்வதைச் சேர்ந்து செய்ய வேண்டும். சேர்ந்து செய்ததை எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்ததை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு பெண்கள் அமர்ந்து, தம் தெருவில் யார் யார் எத்தொண்டு செய்தனர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கட்டும். யாருடைய பணி இன்று ஆளின்றி நிற்கிறது என்பதையும் அதில் குறிக்கட்டும். அந்த ஏட்டின் இரண்டாம் பக்கத்திலேயே, இனி செய்ய வேண்டிய பணி என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.