மூக்குக்கு அச்செடுத்த கதை

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒருவர் குறட்டை விட்டால், "உழைச்ச உடம்பு, அடிச்சுப் போட்டாப்ல தூங்குது" என்பார்கள். பகலெல்லாம் காப்பித் தோட்டத்தில் ஏறி இறங்கியவர்தானே என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோய், பத்து இருபது நொடி மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறலோடு மறுபடி ஆரம்பிப்பதை முதலில் கவனிப்பவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. காலையில் தலை கனக்கும், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங் பிடித்தவருக்கு அங்கே கண் செருகினால் என்ன ஆகும் என்று மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டாக்டரிடம் போனால் தூக்கப் பரிசோதனை எழுதித் தருவார். ஒரு ராத்திரி முழுக்க உடம்பில் வயர்களை ஒட்டி, மூச்சு எத்தனை தடவை நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். முழுதாகவோ பாதியாகவோ மூச்சு அடைபடுவது மணிக்கு 5 தடவையைத் தொட்டால் நோய் லேசாக இருக்கிறது என்று அர்த்தம். 15-ஐத் தொட்டால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. பிறகு, மூக்கு வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தோடு அனுப்பும் சிபேப் மெஷின் வாங்கச் சொல்வார்கள். சீட்டும் கையுமாக வெளியே வருகிறவருக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எந்த கம்பெனி, எந்த மாடல், ஆட்டோவா சாதாரணமா, பழசு மலிவாகக் கிடைக்கிறதே வாங்கலாமா? இத்தனை கேள்விகளுக்கும் அடிப்படையான பதில் அந்த மெஷின் பிறந்த கதையில் இருப்பதாக நான் நினைக்கிறேன். அதனால்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்த நோயைப் பற்றி மருத்துவ உலகம் தெளிவாகப் பேச ஆரம்பித்து அறுபது வருஷம்தான் ஆகிறது. 1965-ல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள், தூங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பதைத் தனித்தனியே பதிவு செய்தன. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து வழியை மூடிவிடும். மூச்சை இழுக்க இழுக்க உறிஞ்சும் விசையில் அடைப்பு இன்னும் இறுகும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பினால்தான் வழி திறக்கும். ராத்திரியில் நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கிறது.

காரணம் தெரிந்தும் வைத்தியம் கொடுமையாகவே இருந்தது. 1960-களின் கடைசியிலிருந்து, முற்றிய நோயாளிகளுக்குக் கழுத்தில் மூச்சுக்குழலில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். பகலில் அதை மூடி வைத்துப் பேசிக்கொள்ளலாம், ராத்திரி திறந்துவிட வேண்டும். அடைபடும் இடத்துக்குக் கீழேயே வழி கிடைத்துவிடுவதால் நோய் தீர்ந்தது. ஆனால் ஆயுசுக்கும் கழுத்தில் ஓட்டையோடு வாழ யார் சம்மதிப்பார்கள்? தூங்கி வழிந்தபடியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று பலர் திரும்பிப் போனார்கள்.

காலின் சல்லிவன் ஆஸ்திரேலிய டாக்டர். 1970-களின் பிற்பாதியில் கனடாவில் டொரன்டோ நகரில் எலியட் பிலிப்சனோடு சேர்ந்து, தூங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாயின் மூக்குக்குக் காற்றை அனுப்ப வேண்டும், கசியவும் கூடாது, நாய் விழித்துக்கொள்ளவும் கூடாது. அதற்காக நாயின் மூஞ்சிக்கு அச்செடுத்து கண்ணாடி இழையில் மாஸ்க் செய்தார்கள். பின்னால் மனிதர்களுக்கு வந்த யோசனைக்கு விதை அந்த நாய் மாஸ்க்தான்.

ஊர் திரும்பி சிட்னி பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1980 ஜூன் மாதம் ஒரு நோயாளி வந்தார். நோய் முற்றியிருந்தது, கழுத்தில் ஓட்டை போடுவது தவிர வேறு வழியில்லை என்ற நிலை. தன் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு ஆவல் இருந்தது, ஆனால் ஓட்டை மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார். மூக்கு வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தோடு அனுப்பினால் தொண்டை மூடாமல் நிற்குமா என்று ஒரு ராத்திரி பார்க்கலாமா என்று சல்லிவன் கேட்டார். அவர் ஒத்துக்கொண்டார்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாக்குவம் கிளீனரில் காற்றைத் தள்ளும் மோட்டார், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அகலமான குழாய், மூக்குக்கு ஒரு மாஸ்க். நோயாளி தூங்கினார், வழக்கம்போல மூச்சு நின்றது. சல்லிவன் அழுத்தத்தை மெல்ல ஏற்றினார். ஒரு கட்டத்தில் அடைப்பு விட்டது, மூச்சு சீரானது, நோயாளி நேராக ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டார். அழுத்தத்தைக் குறைத்தால் மூச்சு நின்றது, கூட்டினால் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்துவதாக இருந்த சோதனை விடியும்வரை ஓடியது. பல வருஷமாகத் தூங்கி வழிந்த மனிதர் காலையில் தெளிவோடு எழுந்தார்.

அடுத்த வருஷம், 1981 ஏப்ரலில், ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் சல்லிவன், ஈசா, பெர்தோன் ஜோன்ஸ், ஈவ்ஸ். எலும்பு முறிந்தால் சிம்பு வைத்துக் கட்டுவதைப் போலத் தொண்டைக்குக் காற்றாலேயே சிம்பு வைப்பதுதான் இந்த வைத்தியம் என்று அதில் விளக்கியிருந்தார்கள். ஐந்து பேருக்கும் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு. ஒரு சொம்புத் தண்ணீரில் குழாயை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு குமிழி வரும்படி ஊதினால், அதுதான் அந்த அழுத்தம். கழுத்தில் கத்தி வைக்க வேண்டிய நோய்க்கு இவ்வளவு போதும் என்று கண்டது பெரிய விஷயம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் தருவது அறையில் இருக்கும் சாதாரணக் காற்றுதான், ஆக்சிஜன் கிடையாது. கொரோனா காலத்தில் வாங்கி மூலையில் கிடக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இந்த வேலையைச் செய்யாது.

கண்டுபிடித்த பிறகு சல்லிவனை அதிகம் பாடுபடுத்தியது மோட்டார் அல்ல, மாஸ்க். ஒவ்வொரு நோயாளிக்கும் மூக்கை பிளாஸ்டரில் அச்செடுத்து, அந்த மூக்குக்கு மட்டும் பொருந்தும்படி மாஸ்க் வார்த்தார்கள். ராத்திரி படுக்கும்போது சிலிக்கோன் பசையால் அதை முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், காலையில் பிய்த்து எடுக்க வேண்டும், மறுநாள் மறுபடி பசை. மோட்டாரோ இரைச்சல் தாங்காது. இத்தனை தொல்லையோடும் ஜனங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் போட்டுக்கொண்டார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த காலை எப்படி இருக்கும் என்று ஒருமுறை தெரிந்தவர் அதை விடவில்லை.

1985-ல் அமெரிக்காவின் ரெஸ்பிரானிக்ஸ் கம்பெனி கடையில் விற்கும் மெஷினைக் கொண்டுவந்தது. 1989-ல் சல்லிவனின் கண்டுபிடிப்பை வைத்து பீட்டர் ஃபேரல் சிட்னியில் ஆரம்பித்த கம்பெனிதான் இன்றைய ரெஸ்மெட். முதல் கட்டுரையில் பெயர் இருந்த பெர்தோன் ஜோன்ஸே பின்னால் அங்கே சேர்ந்து, மூச்சைக் கவனித்து அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷினை உருவாக்கினார். இழுக்கும் மூச்சுக்கு ஓர் அழுத்தம், விடும் மூச்சுக்கு வேறோர் அழுத்தம் தரும் பைபேப் 1990 வாக்கில் வந்தது.

ஆக, முதல் ராத்திரியிலேயே இரண்டு விஷயம் முடிவாகிவிட்டது. அழுத்தம் அந்த ஆளின் தொண்டைக்கு அளந்ததாக இருக்க வேண்டும், மாஸ்க் அந்த ஆளின் முகத்துக்குப் பொருந்த வேண்டும். மெஷின் என்கிற டப்பா இதற்கெல்லாம் அப்புறம்தான். கடையில் எல்லோரும் டப்பாவைப் பற்றியே பேசுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 8 சென்டிமீட்டர் அழுத்தத்தில் சரியானது உங்களுக்கு 13-ல்தான் சரியாகலாம். பெரும்பாலானவருக்கு சிபேப்போ ஆட்டோவோ போதும். நாள்பட்ட நுரையீரல் நோயோ, ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் பிரச்சினையோ இருந்தால் பைபேப் தேவைப்படலாம். விலையும் கூடுதல், அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

மாஸ்க் மூன்று வகை. மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காருவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. நம் ஊர்ப் பெரியவர்களின் மீசைக்கு இதில் பங்கு உண்டு. விளிம்பு மீசைமேல் உட்கார்ந்தால் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், ராத்திரி முழுக்க எரிச்சல். மீசையை எடுக்கச் சொல்வதைவிட வேறு மாஸ்க் மாற்றிப் பார்ப்பது நல்லது. வாய் திறந்து தூங்குகிறவருக்கு மூக்கு மாஸ்க் கொடுத்தால் காற்று வாய் வழியே போய்விடும், காலையில் நாக்கு காய்ந்து ஒட்டும். மெஷின் சரியில்லை என்று ஒரே வாரத்தில் பரணில் ஏற்றிவிடுவார்கள். பல வீட்டில் குற்றம் மெஷின்மேல் இல்லை, மாஸ்க்கின் அளவில்தான்.

மலையில் இருப்பவருக்கு வேறு சில சங்கதிகளும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். இங்கே காற்று அடர்த்தி குறைவு. ஒரே வேகத்தில் சுற்றும் விசிறி கீழே தரும் அழுத்தத்தை மேலே தராது. இன்றைய மெஷின்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன, பழைய சிலவற்றில் உயரத்தைக் கையால் அமைக்க வேண்டும். சேலத்தில் செட் பண்ணித் தருகிறவரிடம் "மேலே மலையில இருக்கேங்க" என்று சொல்லிவிடுங்கள். மார்கழிக் குளிரில் ஈரப்பதம் தரும் தொட்டியிலிருந்து வரும் சூடான காற்று, குளிர்ந்த குழாயில் தண்ணீராகத் திரண்டு நடுராத்திரி மூக்கில் சொட்டும். குழாய்க்குத் துணியுறை போட்டு, மெஷினைத் தலைமாட்டைவிடத் தாழ வைத்தால் பெருமளவு நிற்கும். சூடேறும் குழாயும் கிடைக்கிறது. தொட்டிக்கு ஊற்றுத் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர்தான். காற்றும் மழையும் அடித்தால் கரன்ட் போகும் ஊர் என்பதால், வீட்டு இன்வெர்ட்டரில் ராத்திரி முழுக்க ஓடுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய மெஷின் வாங்குகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரெஸ்பிரானிக்ஸை வாங்கியிருந்த பிலிப்ஸ், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு நாளடைவில் சிதைந்து மூச்சோடு போகக்கூடும் என்பதால் 2021 ஜூனில் உலகம் முழுக்கப் பல லட்சம் மெஷின்களைத் திரும்ப அழைத்தது. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது. மாடலையும் தயாரிப்பு எண்ணையும் சரிபார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

அடுத்து சேலத்துக்கு இறங்கும்போது, வீட்டில் உங்கள் குறட்டையைக் கேட்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டருக்கு அவர் சொல்வது தேவைப்படும். அழுத்த அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கடையில் மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை மாட்டி, மல்லாந்தும் ஒருக்களித்தும் அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். சில நாள் வாடகைக்கோ சோதனைக்கோ தருகிறவர் கிடைத்தால் அவரிடமே வாங்குங்கள். பொருந்தாத மாஸ்க்கை மாற்றித் தர ஒப்புக்கொண்ட பிறகு பணத்தைக் கட்டுங்கள்.