கரிசல் பூமியில் சாவி யாரிடம் இருந்தது?

கோவில்பட்டி வட்டாரத்தில் பணம் சம்பாதிப்பது எவ்வளவு பாடோ, அதைக் காப்பதும் அவ்வளவு பாடாக இருந்தது. காரணம் மண்தான். கரிசல் மானாவாரி பூமி. ஐப்பசி மழையை நம்பித்தான் விதைப்பு. கருங்கண்ணிப் பருத்தி வெடித்து வண்டியேறும் சில வாரங்களில் மட்டும் சம்சாரியின் கையில் ரொக்கம் புரளும். அடுத்த வெள்ளாமை வரைக்கும், மழை பொய்த்தால் அதற்கடுத்த வெள்ளாமை வரைக்கும், அதை வைத்தே காலம் தள்ள வேண்டும். 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் நம் பக்கத்துப் பருத்திக்கும் விலையேற்றம் கொடுத்தது. 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் கோவில்பட்டிக்குத் துறைமுகம் கிட்டத்தில் வந்துவிட்டது. ரொக்கம் பெருகிற்று, அதை நம்பி வைக்க இடம்தான் பெருகவில்லை. கிரிப்டோ வாங்கியவர்கள் இன்று எந்த வாலட் நல்லது என்று கேட்கிறார்கள். அதே கேள்விக்கு இந்தச் சீமை மூன்று விதமாகப் பதில் தேடியிருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: செல்வத்தைக் காப்பது பூட்டின் உறுதி மட்டுமல்ல, சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, அவர்கள் எதைப் பார்த்துத் திறக்கிறார்கள் என்பதும்தான்.

முதல் பதில் உடம்பு. பெண்களுக்குச் சின்ன வயதிலேயே காது குத்தி, ஓட்டையைப் பெரிதாக்கி, தோளைத் தொடும் அளவுக்குக் காது வளர்த்து, அதில் பாம்படமும் தண்டட்டியும் பூட்டினார்கள். தங்கத் தகட்டுக்குள் அரக்கு நிரப்பிச் செய்த நகை அது. பஞ்ச காலத்தில் அடகுக் கடைக்குப் போகும், நல்ல வெள்ளாமையில் திரும்பி வரும். எழுத்தும் கணக்கும் வேண்டாம். உடையவளின் சம்மதம் போதும். ஆனால் அந்தச் சம்மதமும் இல்லாமல் அறுத்துக்கொண்டு ஓடலாம் என்பதே அதன் பலவீனம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் நகைக்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் கழுவேற்றப்படுகிறான். அது கற்பனைதான்; ஆனால் பொருளை மேலில் சுமப்பவரே குறியாகிவிடுவார் என்ற பயம் இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது பதில் உறவின்முறை, அதாவது ஒரே சாதியார் ஊர்தோறும் கூடி நடத்திய அமைப்பு. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலான ஊர்களில் நாடார் வணிகர்கள் மாட்டுவண்டியில் சரக்கேற்றிப் போகும்போது வழிப்பறிக்கு அஞ்ச வேண்டியிருந்தது. வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் மகமை வசூலித்து அந்தச் செலவைச் சமாளித்தார்கள். 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் சாதிக் கலவரங்கள் மூண்ட காலத்தில் அந்தப் பொதுப்பணத்தின் அருமை இன்னும் கூடியது. ஒருவர் நினைத்தால் எடுத்துவிட முடியாத பணம் அது. போன இடமோ பேட்டையாக, பள்ளிக்கூடமாக, கிணறாக ஊர்க் கண்முன் நின்றது. அதன் குறையையும் சொல்லியாக வேண்டும்: அந்தப் பாதுகாப்பு சாதி எல்லையோடு நின்றுவிட்டது. வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கு வட்டிக்காரரே கதி.

மூன்றாவது பதில் வங்கி. அதன் தொடக்கம் நம்பிக்கை தருவதாக இல்லை. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது, வெள்ளைக்காரர் நிறுவனம் ஒருகாலும் ஏமாற்றாது என்று நம்பிய ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பும் சேர்ந்து விழுந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. கூட்டாகப் பணம் சேர்த்துப் பழகிய சமூகம் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. ஆனாலும் 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியும் 1960இல் பாலா சென்ட்ரல் வங்கியும் மூடப்பட்டன. அதற்குப் பிறகே 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. இன்று அதன் வரம்பு 5 லட்சம் ரூபாய். ஆக, இன்று வங்கியை நம்புகிறோம் என்றால் அதற்கு அடியில் இத்தனை பேர் பணத்தைப் பறிகொடுத்த கதை கிடக்கிறது.

இந்த மூன்றையும் வைத்து வாலட்டைப் பார்ப்போம். வாலட்டுக்குள் நாணயம் எதுவும் இல்லை. கணக்கு உலகெங்கும் உள்ள கணினிகளில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அதைச் செலவழிக்கும் ரகசியச் சாவி மட்டுமே. பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள் அந்தச் சாவியை மீட்டுத் தரும். அந்த வார்த்தைகளை நாமே வைத்திருந்தால் பாம்படம் கதைதான்: யாரையும் கேட்க வேண்டாம், ஆனால் தொலைந்தால் முறையிட இடமில்லை. கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிடம் விட்டால் அர்பத்நாட் கதை. ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் 2014இலும், எஃப்டிஎக்ஸ் 2022இலும் விழுந்தன. வைப்புத்தொகைக் காப்பீடு இதற்குக் கிடையாது. பல சாவிகளில் சில கூடினால்தான் பணம் நகரும் என்ற பல கையொப்ப ஏற்பாடு உறவின்முறைக்கு நெருங்கியது.

அதற்கும் மறுப்பு உண்டு. 2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது பல கையொப்ப வாலட்டிலிருந்துதானே என்று கேட்கலாம். உண்மைதான். கையொப்பமிட்டவர்கள் திரையில் கண்டது ஒன்று, ஒப்புதல் தந்தது வேறொன்று என்பதே அந்த நிறுவனம் தந்த விளக்கம். சாவி பல பேரிடம் இருந்தும், எதற்குத் திறக்கிறோம் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை மட்டும் போதாது, பார்வையும் வேண்டும் என்பதற்கே இது சான்று. இன்னொரு மறுப்பு: யாரையும் நம்ப வேண்டாம் என்பதற்காகவே உருவான பணத்தில் உறவுக்காரரை ஏன் இழுக்க வேண்டும்? திருடனுக்கு எதிராக அந்த வாதம் செல்லும். மறதிக்கும் சாவுக்கும் எதிராகச் செல்லாது. வார்த்தைகளைத் தன் நினைவில் மட்டும் வைத்திருப்பவர் திடீரென்று போய்விட்டால், பிள்ளைகளுக்கு ஒரு காசும் வராது.

ஆகவே கைச்செலவு அளவுக்குக் கைபேசி வாலட் போதும். அதற்கு மேற்பட்டதை இணையத்தில் சேராத ஹார்டுவேர் வாலட்டில் வைக்கலாம். வார்த்தைகளைப் படம் எடுக்காமல் தாளில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். குடும்பத்தின் கணிசமான சேமிப்பு என்றால் மூன்று சாவிகளில் இரண்டு கூடினால் திறக்கும் ஏற்பாடு செய்து, சாவிகளை வெவ்வேறு வீடுகளில் வைப்பதே முறை. இரண்டாவது சாவியை ஒப்படைக்க ஒருவர்கூட இல்லையென்றால் வேறு வாலட் தேடிப் பயனில்லை. போடும் தொகையைத்தான் குறைக்க வேண்டும்.