முத்துக்குளிப்புக் கயிறும் டயர் கம்ப்ரசரும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்போர் கொண்டுசென்ற கருவிகள் மிகச் சில. அவற்றையே பல வேலைகளுக்குப் பயன்படுத்தினர்.

சுமார் 15 கிலோ கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் கால் நுழைத்துக் கடலடியை அடைவர். கால் விடுபட்டதும் தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். அடுத்து இறங்குபவருக்கும் அதே கல்தான். பத்துப் பேர் குளிக்கும் தோணிக்கு ஐந்து கல் போதும். சிப்பி சேர்க்கும் வலைப்பையின் கயிறு இதைவிட முக்கியமானது. பாரம் தூக்கும் அந்தக் கயிற்றைச் சுண்டினால், மூச்சு தீர்ந்தது, தூக்கு என்று பொருள். மேலே கயிறு பிடிப்பவரின் கவனம் சிதறினால் உயிர் போகும். அதனால்தான் அவ்வேலை மைத்துனருக்கு என்று வழிவழியாகச் சொல்வார்கள். தங்கை விதவையாக அவர் விடமாட்டார் அல்லவா!

இங்கு நடந்த கடைசி முத்துக்குளிப்புத் தொடர் 1955 முதல் 1961 வரை. அதன்பின் சங்கு குளித்தலே நீடிக்கிறது. திரேஸ்புரம் அதற்குப் பெயர்பெற்ற பகுதி. இப்போது கயிற்றின் இடத்தில் காற்றுக் குழாய். பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் போன்ற இயந்திரம், படகிலிருந்து மூச்சுக்காற்றை அனுப்புகிறது.

எண்ணெய் ஆவி கலந்த காற்றால் டயருக்குக் கேடில்லை. நுரையீரல் அதைத் தாங்காது. காற்று இழுக்கும் வாய் என்ஜின் புகைக்கு அருகில் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் குழாயில் இறங்கும். அன்று ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சே எல்லை வகுத்தது. இன்று ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலேறுபவரின் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி, மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோகும்.