விருதுநகர் – சிவகாசி வட்டாரப் போக்குவரத்துக் கட்டமைப்பு

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களையும் அவற்றுக்கு இடையே கரிசல் காட்டில் சிதறிக் கிடக்கும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளையும் இணைக்கும் சாலை, ரயில், பேருந்து ஏற்பாடுகளின் வரலாறு இது. மதுரைக்குத் தெற்கே உள்ள இந்த வட்டாரத்தில் மற்ற ஊர்களை விழுங்கி வளர்ந்த பெருநகர் எதுவும் கிடையாது. ஒன்றுக்கொன்று இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நடுத்தர ஊர்கள் ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. நெதர்லாந்தின் ரான்ட்ஸ்டாட் பகுதியும் இப்படிப் பல ஊர்கள் கூடிய வட்டாரம்தான். அங்கே ஊர்களை ரயில் ஒன்றாகக் கட்டிவைத்தது. இங்கே அந்த வேலையை வண்டிப்பாதையும், பின்னாளில் லாரியும் பேருந்தும் செய்தன.

மக்கள்தொகைக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த வட்டாரம் புரியாது. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம் 1,30,442, அருப்புக்கோட்டை 87,722, திருவில்லிபுத்தூர் 75,396, விருதுநகர் 72,296, சிவகாசி 71,040. நாடு முழுக்கப் பெயர் தெரிந்த சிவகாசி இந்த ஐந்தில் கடைசி. ஆனால் அதை ஒட்டிய திருத்தங்கலில் மட்டும் 55,362 பேர் இருந்தார்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்த நகர்த்திரள் 2,34,000ஐத் தாண்டியது. நகராட்சி எல்லைக்குள் இருந்தது நகரத்தின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிற்காலத் திட்டமிடல் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இதில் இருக்கிறது.

பேட்டைகளின் காலம்

ராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் பழைய சாலை மதுரையிலிருந்து தெற்கே போகும் வழியில் இந்தப் பகுதியைத் தொட்டுச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் தென்கோடித் தேரிக்காட்டுப் பகுதியிலிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர்கள் கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிய மாட்டுவண்டிகளைக் கூட்டமாக ஓட்டி வந்தனர். வழியில் கொள்ளை பயம் இருந்ததால், இரவில் வண்டியை அவிழ்த்துவிடவும் சரக்கைப் பாதுகாப்பாக வைக்கவும் மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினர். விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களும் இப்படி நிலைபெற்ற வணிகத் தலங்கள். இவற்றின் தூரத்தை அளந்து வைத்தது வண்டிமாட்டின் கால் என்று சொல்லலாம்.

பேட்டையைக் கட்டிக் காத்த பணம் அரசினுடையது அல்ல. வரும் சரக்கு ஒவ்வொன்றின் மீதும் வணிகர்கள் தமக்குள் மகமை வசூலித்துப் பொது நிதி சேர்த்தனர். கிணறு, கோயில், பிறகு பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வந்தன. இந்தப் பகுதியின் முதல் போக்குவரத்துக் கட்டமைப்பு, பயன்படுத்துவோரே பணம் போட்டுப் பயன்படுத்துவோரே நடத்தியது. அதன்பின் வந்த எந்த ஏற்பாடும் வணிகத்தோடு இவ்வளவு நெருக்கமாக அமையவில்லை.

இருப்புப்பாதை

தென்னிந்திய ரயில்வே மதுரை – தூத்துக்குடிப் பாதையை 1876இல் திறந்தது. உள்நாட்டைத் துறைமுகத்தோடு சேர்ப்பதே நோக்கம். கரிசல் பருத்தி வெளிநாடு போவதற்கு அது வழியானது. விருதுபட்டியும் சாத்தூரும் அந்த நேர்கோட்டில் அமைந்ததால் நிலையங்களைப் பெற்றன. கோட்டுக்கு மேற்கே ஒதுங்கியிருந்த சிவகாசிக்கு ரயில் வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. விருதுபட்டி வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய், காப்பிக்கொட்டை ஆகியவற்றுக்கு விலை நிர்ணயிக்கும் சந்தையாக உயர்ந்ததில் அந்த நிலையத்துக்குப் பங்கு உண்டு. ஊர் 1915இல் நகராட்சியாகி, 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாறியது.

சிவகாசியின் கதை வேறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி 1923இல் ஊரில் ஆலை தொடங்கினர். விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927இல்தான் வந்தது. ரயில் வந்ததால் சிவகாசி தொழில் நகரானது என்று எழுதுவது வழக்கம்; ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது நிற்கவில்லை. மழை குறைந்த வறண்ட வானிலையும் விவசாயத்தை நம்ப முடியாத கூலி மக்களும் தொழிலுக்கு முதலில் இடம் கொடுத்தார்கள். ரயில் அதைப் பெருக்கியது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்தோடு ஏற்பட்ட இணைப்பு கேரளக் காட்டு மரத்துக்கும் தீக்குச்சிக்கும் வழி திறந்தது.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை போகும் கிளை 1960களில் அமைந்தது. நான்கு திசையிலிருந்தும் பாதைகள் கூடும் சந்திப்பு என்ற தகுதி விருதுநகருக்கு அப்போது வந்தது. துலுக்கப்பட்டி நிலையத்தை ஒட்டிச் சிமென்ட் ஆலை எழுந்ததும் அதே காலம். மீட்டர் கேஜ் அகலப்பாதையாக மாறுவதற்குத் தென்காசிப் பாதை 2003–04 வரையிலும், மானாமதுரைப் பாதை 2013 வரையிலும் காத்திருந்தன. மதுரை – தூத்துக்குடித் தடம் 2024இல் முழுமையாக இரட்டைப்பாதையாகிவிட்டது. சிவகாசி வழியாகச் செல்லும் பாதை இன்றும் ஒற்றைத் தடம்தான். பொதிகை, சிலம்பு, கொல்லம் விரைவு ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஓடுகின்றன.

ரயில் ஏற்காத சரக்கு

1940இல் வெடிபொருள் விதிகள் இறுக்கப்பட்டு உரிமம் கட்டாயமானபின் சிவகாசியில் பட்டாசு ஆலைகள் முறையாக எழுந்தன. இன்று உரிமம் பெற்றவை 1,000க்கு மேல். இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் ஏறக்குறைய 90 விழுக்காடு இங்கிருந்து போவதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பயணிகள் ரயிலில் பட்டாசு எடுத்துச் செல்வதோ, 1989 ரயில்வே சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். ஊரின் பெயரைச் சொல்லும் பொருளை ஊரின் ரயில் நிலையத்துக்குள் கொண்டுபோக முடியாது. ஆகவே சரக்கெல்லாம் லாரியில் போகிறது. ஊருக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் டிரான்ஸ்போர்ட் புக்கிங் ஆபீஸ்களும் குடோன்களும் இதிலிருந்து பிறந்தவை.

பட்டாசோடு அச்சுத் தொழிலும் நடக்கும் சிவகாசியின் சரக்குக்கு மூன்று பருவம் உண்டு. பள்ளி திறக்குமுன் நோட்டுப் புத்தகம். ஆடிப்பெருக்கில் புதிய ஆல்பம் வெளியாகித் தைக்குள் தீர வேண்டிய காலண்டர், டைரி. தீபாவளிக்கு முன் பட்டாசு. அச்சகமும் பட்டாசும் ஒரே சாலையை ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் நிரப்புகின்றன. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வடக்கே போகும் லாரி, உள்ளூர் சில்லறைக் கடையைத் தேடி வெளியூரிலிருந்து வரும் கார், ஐப்பசி மழை. ஒரு சராசரி நாளில் எடுக்கும் வாகனக் கணக்கெடுப்பு இந்த ஊரைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது.

ஆலை வண்டியும் டவுன் பஸ்ஸும்

மற்றத் தொழில் நகரங்களில் தொழிலாளி நகருக்குள் வேலைக்கு வருவார். இங்கே போக்கு தலைகீழ். பட்டாசு ஆலை ஊருக்கு வெளியே, அறைக்கு அறை இடைவெளி விட்டுத்தான் நிற்க வேண்டும். மருந்துக் கலவை அறைக்கும் குடியிருப்புக்கும், பொதுச் சாலைக்கும், ரயில் பாதைக்கும் இடையே பாதுகாப்புத் தூரம் வேண்டும் என்பது விதி. அதனால் வெம்பக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் வட்டங்களின் கிராமங்கள் வரை ஆலைகள் பரவின. கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக் காட்டுக்குப் போகும் பயணமே இங்கே முதன்மைப் பயணம். எந்த நகராட்சியின் கணக்கிலும் அது வராது.

அந்தப் பயணத்தைப் பல பத்தாண்டுகள் ஆலைகளே ஏற்பாடு செய்தன. விடியுமுன் கிராமம் கிராமமாகச் சென்று ஆள் ஏற்றிய வண்டிகளில் போனவர்களில் பெரும் பங்கு சிறுவர் சிறுமியர். 1976இல் தீப்பெட்டி ஆலைக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் இறந்தனர். அதன்பின் குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய ஹர்பன்ஸ் சிங் குழு அமைக்கப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. போக்குவரத்து வரலாறு எழுதுவோர் இந்த வண்டிகளை விட்டுவிடுகிறார்கள். இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய பொதுப் பயண ஏற்பாடாக ஒரு தலைமுறைக்கு இருந்தவை அவைதான்.

அரசுப் பேருந்து 1972இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தோடு வந்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வேலைக்குப் போவோரில் பெண்கள் அதிகம் என்பதால் இங்கே அதன் எடை கூடுதல். ஆனால் பேருந்து ஓடும் வழியில் ஆலை இருந்தால்தான் அது பயன்.

ஆலைக்கான வழி விபத்து நேரத்திலும் தேவை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தனர். உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள் அதில் பலர். கடுமையான தீக்காயம் பட்டவரை 70 கிலோமீட்டருக்கு மேல் உள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே நெடுநாள் வழக்கம். ஆலைக்குப் போகும் ஒற்றைத் தடத்தின் அகலம் இங்கே மருத்துவக் கேள்வி. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தபின் அந்தத் தூரம் ஓரளவு சுருங்கியது.

திட்டமிடலும் எல்லைகளும்

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கிய ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்த ஊர்கள் சேர்க்கப்பட்டன. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமோ நெடுங்காலம் மதுரையில் இயங்கியது. 1985 மார்ச்சில் காமராசர் மாவட்டம் தனியாகப் பிரிந்து, 1997இல் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. வட்டாரத்தை ஒரே பார்வையில் காணும் நிர்வாகம் அதன்பின்தான் சாத்தியமானது. 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் நகருக்கு முழுமைத் திட்டமும் மண்டலத்துக்கு மண்டலத் திட்டமும் வகுக்க வழி செய்திருந்தாலும், நடைமுறையில் திட்டம் ஊர் எல்லையோடு நின்றது. மதுரை, கோவை, திருப்பூர், ஓசூருக்கு 2020களில் நகர் வளர்ச்சிக் குழுமங்கள் அமைக்கப்பட்டபோதும் இந்த வட்டாரம் அந்தப் பட்டியலில் இல்லை. 2021இல் திருத்தங்கல் நகராட்சியைச் சேர்த்துச் சிவகாசி மாநகராட்சியானது. சுற்று ஊராட்சிகள் பல வெளியே நின்றன.

நெடுஞ்சாலைகள் டெல்லியின் கணக்கில் வளர்ந்தன. வாரணாசி – கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 7 (இப்போது 44) நான்கு வழியானதும் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் மதுரை நெருங்கி வந்தது. சிவகாசியிலிருந்து அந்தச் சாலையைத் தொடவே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் மாநிலச் சாலையில் போக வேண்டும். மேற்கே திருமங்கலம் – ராஜபாளையம் சாலை நான்கு வழியாகிறது. சாத்தூர் அருகே இ. குமாரலிங்கபுரத்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட 1,052 ஏக்கர் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா நெடுஞ்சாலை 44ஐ நம்பி இடம் தேர்ந்தது. வேலைக்கு வருவோர் எங்கிருந்து, எதில் வருவார்கள் என்பது பட்டாசு கற்றுத்தந்த அதே கேள்வி.

சிவகாசிக்குள் நெரிசலின் மையமாக நெடுநாள் இருந்தது ரயில்வே கேட். திருவில்லிபுத்தூர் சாலையில் சாட்சியாபுரம் கேட் மூடினால் ஊரின் மேற்குப் பாதி நின்றுவிடும் நிலை இருந்தது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் அங்கு மேம்பாலப் பணி 2024இல்தான் தொடங்கியது. லாரிகளை ஊருக்குள் விடாமல் திருப்பிவிடும் வெளிவட்டச் சாலை 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம் கொண்டதாகத் திட்டமிடப்பட்டு, நில எடுப்பில் பல ஆண்டு கழிந்தபின் கட்டம் கட்டமாக எடுக்கப்பட்டது. இதில் நில விலையைவிட முள்ளான விஷயம் ஒன்று உண்டு. பொதுச் சாலை புதிதாக வந்தால் பாதுகாப்புத் தூர விதி பக்கத்து ஆலையின் உரிமத்தைத் தொடும். சாலையை வளைத்தால் நீளமும் செலவும் கூடும். ஆலையை நகர்த்தினால் அந்தக் கிராமத்தின் வேலை போகும். கோடு போடும் பொறியாளர் வருவாய்த் துறை வரைபடத்தோடு வெடிபொருள் துறையின் உரிம வரைபடத்தையும் மேசையில் விரித்து வைக்க வேண்டியிருக்கிறது.

அருப்புக்கோட்டை வழியாக மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் ஏறக்குறைய 143 கிலோமீட்டர் புதிய ரயில் பாதைக்கு 2011–12இல் ஒப்புதல் கிடைத்தது. தூத்துக்குடி முனையில் மீளவிட்டான் – மேல்மருதூர் இடையே மட்டும் தண்டவாளம் போடப்பட்டிருக்கிறது.